‘நான்’ அடித்தால் ‘மான்’

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம். ஒரு நாள் என் அண்ணி போனில், “தம்பி, இந்த மூணு வாரமா நான் மானா இருந்தேன் தெரியுமா?” என்றார். கதை எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தால் விடுவானா?

முதலில் எழுதிய தொடக்கம்: “இருளுக்குள் அவள் விரல்கள் மட்டும் விழித்திருந்த–”

அடித்துவிட்டேன். அண்ணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இருள் என்ற ஒன்று இருப்பதே நாம் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

2

கூட்டங்களில் பேசியதன் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது அண்ணியின் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறார். எழுதுவது பிரெய்லில், ஆனால் சாதாரணக் கணினி விசைப்பலகையில். பிரெய்லில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளி வரை உண்டு. பலகையின் நடு வரிசையில் இடக்கைக்கு மூன்று விசை, வலக்கைக்கு மூன்று. விசைக்கு ஒரு புள்ளி. ஓர் எழுத்துக்கு வேண்டிய விசைகளையெல்லாம் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். நாம் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறோம். அண்ணி பிடிபிடியாக அள்ளுகிறார். என்ன எழுத்து விழுந்தது என்று கணினி வாய்விட்டுச் சொல்லும்.

‘ந’வுக்கு நான்கு விரல். அதில் வலக்கை நடுவிரல் விழாமல் போனால் அது ‘ம’.

(இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தாலும் தப்பில்லை. எழுதிய நானே மூன்று முறை படித்தேன்.)

3

அலுவலகம் புதுக் கணினி அனுப்பியது. முதல் நாளே அண்ணி ‘நான்’ என்று அடிக்க, அது ‘மான்’ என்றது. ‘ர’ அடித்தால் ‘ல’ வந்தது. மரம் நடுவது பற்றிய ஒரு கூட்டம். பக்கத்துக்குப் பத்து மரம். எல்லாவற்றையும் திருத்தியும் ஒன்று காதுக்குத் தப்பிப் போய்விட்டது. மேலாளரிடம் அண்ணி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் சிரித்தேன். நீங்களும் சிரிக்கலாம். அண்ணி அன்று சிரிக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய். அதே நோயில் அவருடைய அம்மாவுக்கு விரல் நுனிகள் மரத்துப்போனதைக் கூடவே இருந்து அறிந்தவர். அதனால் அவர் பலகையைச் சந்தேகிக்கவில்லை, விரலைச் சந்தேகித்தார். அந்த நடுவிரலில் தொடங்கி மற்றவையும் போனால் வேலை போகும், புத்தகம் போகும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

[இங்கே அண்ணனை என்ன செய்வது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டேன். ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றும் தெரியாத கணவனை வாசகர் நம்புவாரா? அண்ணனையே கேட்டேன். “நம்ப மாட்டாங்கடா. ஆனா எனக்கு நெஜமாவே தெரியாது,” என்றான். அப்படியே விட்டிருக்கிறேன்.]

4

ஒரு காலையில் அண்ணி டம்ளரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, அதன் வெளிப்பக்கத்தில் நடுவிரலை வைத்தார். சுட்டது. போதுமான அளவு சுடுகிறதா என்று தெரியவில்லை, அதனால் எடுக்கவில்லை.

சாப்பிடும்போது அண்ணன் பார்த்துவிட்டான்.

“என்ன கொப்புளம் இது?”

“டம்ளர் சுட்டுடுச்சு.”

“ஒரு விரல மட்டும் தேடிப் போய்ச் சுட்டுச்சா?”

அண்ணி தட்டைத் தள்ளி வைத்தார். “செத்துப்போச்சான்னு பார்த்தேன்,” என்றார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் கத்தினான். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?”

“சொன்னா என்ன செய்வீங்க? பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுவீங்க. நல்லாத்தான் வாசிப்பீங்க. எனக்கு அது வேண்டாங்க.”

அண்ணன் எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்தான். பிறகு, “சரி, என்ன ஆகுதுன்னு எனக்குக் காட்டு,” என்றான்.

5

அண்ணி அடித்துக் காட்டினார். காட்டும்போதுதான் அவருக்கே உறைத்தது.

“‘த’ அடிச்சா இந்த விரல் வேலை செய்யுது. ‘ந’ அடிச்சா மட்டும் செத்துப்போகுது. விரல் ஆள் பார்த்தா சாகும்?” பிறகு, “உங்க கையக் குடுங்க,” என்றார்.

அண்ணனின் நான்கு விரல்களையும் ‘ந’வுக்கான விசைகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். “எல்லாத்தையும் ஒண்ணா அழுத்துங்க.”

கணினி ‘ம’ என்றது.

“இன்னொரு தடவ.”

‘ம.’

“போச்சு, உங்க விரலும் செத்துப்போச்சு!” என்று அண்ணி சிரித்தார்.

(இந்த இடத்தில் அண்ணியை அழவைத்திருந்தேன். வரைவைக் கணினி படிக்கக் கேட்டவர், “அழுதது உங்க அண்ணன். மாத்துங்க தம்பி,” என்றார். மாற்றிவிட்டேன்.)

6

விசைப்பலகை விற்கும் கடைக்காரர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். மலிவான பலகையில் விசைக்கு விசை தனி வழி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக மின்தடங்கள். சந்திக்கும் இடத்தில் ஒரு விசை. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால் மின்சாரம் சுற்றிக்கொண்டு போய், தொடாத நான்காவது மூலையும் அழுந்தியது போலத் தெரியும். எது நிஜம் என்று தெரியாத பலகை, மூன்றாவதாக வந்த விசையை விழுங்கிவிடும். ‘ந’வில் அப்படி மூன்று மூலைகள் இருந்தன. ‘த’வில் இல்லை.

அதோடு முடியவில்லை. யூஎஸ்பி கம்பி வழியே கணினிதான் ஓயாமல் கேட்கிறது: “இப்போது எவையெல்லாம் அழுந்தியிருக்கின்றன?” எளிய வகைப் பதிலில், ஷிஃப்ட் போன்றவை நீங்கலாக, ஆறு விசைக்குத்தான் இடம். ஏழாவதும் சேர்ந்தால் பலகை ஆறு இடத்திலும் ‘அளவு மீறிவிட்டது’ என்ற ஒரே குறியை நிரப்பி அனுப்பும்.

“இந்தப் பலகையில அந்தப் பேச்சே இல்லக்கா,” என்று வேறொரு பலகையை எடுத்து வைத்தார் கடைக்காரர். “விசைக்கு ஒரு டயோடு, கரண்ட் திரும்பிப் போகாது. பதில்லயும் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கட்டம், ஆமா இல்லன்னு சொல்லும். கால் விரலையும் சேர்த்து வைங்க, அத்தனையும் போய்ச் சேரும்.”

அண்ணி அடித்தார். ‘நான்’ என்றது கணினி.

“சரியா வருதாக்கா?”

“வந்துட்டேன்,” என்றார் அண்ணி.

7

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஒரு வரைவில் நிறுத்தியும் பார்த்தேன். இன்னொன்றில் மேலாளர் மன்னிப்புக் கேட்டார். அது பொய், அவர் கேட்கவில்லை.

நடந்தது வேறு. வீடு திரும்பும் வழியில் அண்ணன், “பலகை மேல தப்புன்னா விரல் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல,” என்றான். “தெரியும். டாக்டர்கிட்ட போகலாம்,” என்றார் அண்ணி.

மருத்துவர் மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துக்கொண்டு, “கண்ண மூடிக்குங்கம்மா. இது படும்போது சொல்லுங்க,” என்றார். பழக்க தோஷம்.

“பொறந்ததுலேருந்து மூடித்தான் டாக்டர் இருக்கு,” என்றார் அண்ணி. மருத்துவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒன்பது விரல்களுக்கும் “படுது” என்று அண்ணி உடனுக்குடன் சொன்னார். கொப்புளம் ஆறிய நடுவிரல் கடைசி. இழை அதன் நுனியில் பட்டு லேசாக வளைந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பட்டுச்சு” என்ற சொல் தொண்டை வரை வந்ததாம்; அடக்கிக்கொண்டான்.

அண்ணி என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. வேண்டுமானால் அவர் சார்பில் நீங்கள் ஒன்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள்; அவர் இன்னும் விரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.