அண்ணாச்சி அடித்த பந்து

எங்கள் அப்பா அடித்த பந்து வெளியே விழுந்ததாகக் கோவில்பட்டியில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர். பெயர் சௌந்தரபாண்டியன், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, டென்னிஸ் கிளப் தலைவர். கரிசல் வெடிப்பை மூடி, லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, கோர்ட் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். வலையும் அவருடையது, பந்தும் அவருடையது. அதனால் அவர் அடிப்பது எங்கே போய் விழுந்தாலும் எதிரே நிற்பவர் "உள்ளதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவார். வேலிக் கம்பியில் பட்டுத் திரும்பிய பந்தைக்கூட ஒரு நாள், மயிரிழையில் உள்ளே விழுந்தது என்று சாதித்தார்கள். அப்பா யாரையும் அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. தான் கோட்டைக் குறிபார்த்து அடிக்கிறவர் என்று மனதார நம்பினார், பாவம்.

இந்த லட்சணத்தில் எனக்கு வாய்த்த வீட்டுக்காரர் லைன் அம்பயர். கோட்டோரம் நின்று, பந்து வெளியே விழுந்தால் "அவுட்" என்று கத்துவதுதான் அந்த வேலை. அருண்பாண்டியன் என்று பெயர், ஓட்டப்பிடாரத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஊரெல்லாம் மாப்பிள்ளை முறுக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் முறுக்கெல்லாம் மாமனாருக்குத்தான். இவர் மாமனார் முன்னால் மோர் வேண்டாம் என்று சொல்லக்கூட வாய் திறக்காமல் மூன்று தம்ளர் குடித்துவிட்டு வருகிறவர்.

டேவிஸ் கோப்பை டென்னிஸில் உச்சியில் சில நாடுகள்தான் இருக்கும். மற்ற நாடுகளெல்லாம் கண்டம் கண்டமாகப் பிரிந்து ஆடி, ஜெயித்தால்தான் அங்கே ஏறலாம். இந்தியா அப்போது ஆசியப் பிரிவில் கிடந்தது. அந்த வருஷம் அதில் ஒரு சுற்று சென்னையில் நடப்பதாக இருந்தது. அதற்கு லைன் அம்பயர்களைத் தேர்ந்தெடுக்க, சண்முகராஜ் என்ற மேற்பார்வையாளர் ஒவ்வோர் ஊர்ப் பந்தயமாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் கிளப் ஆண்டு விழாப் பந்தயத்துக்கும் வந்தார்.

என் வீட்டுக்காரருக்கு வேறு ஆசையே கிடையாது. நகை நட்டு, வீடு வாசல் என்று ஒரு நாள் பேசியதில்லை. நாடும் நாடும் மோதும் ஆட்டத்தில் ஒரு கோட்டைக் காவல் காக்க வேண்டும், அவ்வளவுதான். கொல்லையில் நின்று காக்காய்களைப் பார்த்து "அவுட்" என்று கத்திப் பழகுவார். நான் தோசையைத் திருப்பும்போது நழுவிவிட்டால் அதற்கும் ஓர் "அவுட்". கரண்டியாலேயே போடலாம் என்று வரும். ஆனாலும் அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தால் கோபம் நிற்காது.

முதல் நாள் முழுக்க அவர் சொன்னதில் ஒரு பிசகு இல்லை. மேற்பார்வையாளர் சிரித்துப் பேசியதைப் பார்த்து அப்பா இவர் தோளைத் தட்டி, "எங்க மாப்பிள்ளைக்குப் பருந்துக் கண்ணு சார்" என்று பெருமையடித்துக்கொண்டார். மறுநாள்தான் வந்தது வினை. மூத்தவர்கள் ஆட்டத்தில் அப்பாவுக்கு எதிரே சாத்தூர் டாக்டர் ஒருவர். அப்பா அடிக்கும் பந்து போய் விழுகிற கோட்டில் இவர். அன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டே என்ன செய்ய என்று என்னிடம் கேட்டார். அப்பா பந்து உள்ளேயே விழ வேண்டும் என்று செண்பகவல்லியம்மனிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னேன். அம்மனுக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

முதல் பந்து ஒரு முழம் வெளியே விழுந்தது. இவர் வாய் திறக்கவில்லை. அடுத்ததற்கும் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை. டாக்டர் இரண்டு கையையும் விரித்தார். மேற்பார்வையாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். என் பக்கத்தில் இருந்த அம்மா, மீனாட்சியம்மாள், தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே எழுந்து போய் அந்தக் கோட்டில் நின்றிருப்பேன். இத்தனை வருஷ ஆசையை மனுஷன் மோர் குடிப்பது மாதிரி விழுங்கிக்கொண்டு நின்றார்.

அப்பா செட்டை முடிக்க ஒரே ஒரு புள்ளி பாக்கி. ஓங்கி ஒன்று விட்டார். பந்து கோட்டுக்கு ஒரு சாண் அப்பால் செம்மண்ணில் பதிந்தது. கிளப்காரர்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவுட்."

தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. அப்பா வலையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தன் பந்து விழுந்த தடத்தை அவர் பார்க்க வந்தது அன்றுதான்.

"மாப்பிள்ளை, இதுக்கு முன்னால அடிச்சது?"

"மூணு வெளிய விழுந்துச்சு மாமா. நாந்தான் வாயத் தொறக்கல."

"இன்னைக்கு மட்டுமா?"

இவர் தரையைப் பார்த்தார். அப்பா கிளப்காரர்கள் பக்கம் திரும்பினார். அத்தனை பேரும் மட்டை நரம்பை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒனக்கும் தெரியுமா?"

ஊரையே வாயால் அளக்கிறவள் நான். அன்று தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அப்பா காலால் அந்தத் தடத்தை அழித்துவிட்டுப் போய், மீதி ஆட்டத்தை ஆடித் தோற்றார். பிறகு மேற்பார்வையாளரிடம் போனார். அந்த மூன்றும் எங்கள் ஊர்ப் பழக்கத்தின் தப்பு, பையன் கண்ணில் தப்பில்லை என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. மேற்பார்வையாளர் பேனாவை வெளியே எடுத்து இவர் பெயரை எழுதிக்கொண்டார்.

அதன்பின் அப்பா கிளப் பக்கம் போகவில்லை. சாப்பாடும் குறைந்தது. அம்மாதான், ஊரே சேர்ந்து ஒரு மனுஷனைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாற்றிவிட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

சென்னை ஆட்டத்தை டிவியில் காட்டினார்கள். நானும் அப்பா வீட்டில்தான் இருந்தேன். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார் என் வீட்டுக்காரர். வந்த நாட்டின் பெரிய ஆட்டக்காரர் அடித்த பந்துக்கு "அவுட்" என்றார். அந்த ஆள் பக்கத்தில் வந்து முறைத்தார். இவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தியா ஜெயிக்குமா என்று பார்க்கக்கூட இருக்காமல் அப்பா எழுந்து போய், பரணில் போட்டிருந்த கேன்வாஸ் ஷூவை இறக்கித் தூசி தட்டினார்.

சென்னையிலிருந்து நேரே அப்பா வீட்டுக்கு வந்த மனுஷன் பையைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். வாசலில் மட்டையோடு அப்பா நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை, ஆடிட்டு வருவோம். வெளிய விழுந்தா வெளியன்னு சொல்லணும். ஒண்ணுகூட விடக் கூடாது."

வெயில் ஏறித்தான் திரும்பினார்கள். முழங்கால் வரை செம்மண், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. எத்தனை என்று கேட்டேன். ஆறுக்கு ஒன்று, மாமா தோற்றுவிட்டார் என்றார் என் வீட்டுக்காரர். அப்பா அதைக் காதில் வாங்காமல் நேரே அடுப்படிக்குப் போனார்.

"மீனாட்சி, ஒரு கேம் எடுத்துட்டேன்."

"ஒண்ணே ஒண்ணுதானா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுதான். இது நெசமாவே நான் எடுத்தது."

என்னவோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, அவருக்கு ஒரு தம்ளர் மோர் ஊற்றினேன்.