மணிக்கட்டிலிருந்து தரை வரை

கணவர் பரிசாகக் கொடுத்த கோல்ஃப் மட்டையை முதல்முறை வீசிய மறுநாளிலிருந்து, பல்செட் செய்கிறவள் எங்கே நேராக நடந்தாலும் இடது பக்கம் தள்ளியே போய்ச் சேர்ந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி, மைதானத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த தன் வீட்டு நீலக் கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருநூறு மீட்டர் நடந்து, ஐந்து வீடு தள்ளி ஓய்வுபெற்ற தபால்காரரின் வாசலில் போய் நின்றாள். தபால்காரருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. முப்பது வருடம் தப்பான முகவரிகளோடு குப்பை கொட்டியவர். உட்காரச் சொல்லி ஒரு டீ கொடுத்து, நீலக் கதவு எந்தப் பக்கம் என்று கை காட்டி அனுப்பினார். மற்ற வீட்டுச் சுவர்களைத் தடவிக்கொண்டே அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

அவள் கணவருக்கு கோல்ஃப் கிளப்பில் மட்டை சரிசெய்கிற வேலை. புல்வெட்டும் இயந்திரங்கள் நிற்கும் ஷெட்டை ஒட்டிய சின்ன அறை, இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு பெரிய வைஸ், ஒரு நெம்புகோல், அவ்வளவுதான் சொத்து. பந்தைக் குழிக்குப் பக்கத்தில் தூக்கிப் போடுகிற வெட்ஜ் என்ற மட்டைதான் அவரிடம் அதிகம் வரும். அதன் தலை தரையில் முழுதாகப் படிய வேண்டும். நுனி தூக்கி நின்றால் பந்து இடது பக்கம் போகும், குதி தூக்கினால் வலது பக்கம். நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி பிசகினால் இரண்டரை மீட்டர் விலகும். தலைக்கு அடியில் டேப் ஒட்டி, பலகை மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார். டேப் தேய்ந்த இடத்தைப் பார்த்து, தலையை வைஸில் கவ்வ வைத்து, கழுத்தை அரை அரை டிகிரியாக வளைப்பார். அதற்கும் முன்னால் ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்து நோட்டில் எழுதுவார். அளவு கூடினால் மட்டையின் கழுத்தை நிமிர்த்த வேண்டும், குறைந்தால் தாழ்த்த வேண்டும். நீதிபதியே வந்தாலும் அளக்காமல் அவர் மட்டையைத் தொட்டதில்லை. மட்டையை வளைத்தால் ஆளும் கொஞ்சம் வளைவது அந்தக் கிளப்பில் எல்லோரும் அறிந்த விஷயம். அரை டிகிரி பிசகிய ஒரு வாரம், நீதிபதியின் கையெழுத்தெல்லாம் கோட்டுக்கு வெளியே விழுந்தது.

அளக்காமல் வளைத்தது ஒரே ஒரு மட்டை. திங்கட்கிழமைகளில் கிளப்புக்கு விடுமுறை. அன்று மட்டும் வேலை செய்கிறவர்களும் வீட்டாரும் ஆடலாம். இரவல் மட்டையோடு ஆடிக்கொண்டிருந்த மனைவிக்குக் கல்யாண நாள் பரிசாகப் புது வெட்ஜ் ஒன்றை வாங்கினார். நோட்டின் முதல் பக்கத்திலேயே அவள் அளவு இருந்தது, பதினோரு வருடத்துக்கு முன் எழுதியது. கல்யாணத்தில் அவரைவிட நான்கு விரல் உயரமாக நின்றவள். கட்டிய பெண்டாட்டியைப் போய் அளப்பதா என்று சிரித்துக்கொண்டே இரண்டு டிகிரி நிமிர்த்திவிட்டார். முதல் பந்தே பத்து மீட்டர் இடது பக்கம் போய் விழுந்தது. என்ன நடந்துவிட்டது என்று அந்தக் கணமே அவருக்குத் தெரியும்.

“அளந்துதானே செஞ்சீங்க?” என்றாள்.

“அளக்காம செய்வனா? உனக்குக் கை பழகணும்.”

பிறகு இரண்டு வருடம் போனது. கண் டாக்டர் அவள் கண்ணில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவள் வேலை செய்த கடையில் மேஜையை இடது பக்கம் நகர்த்திப் போட்டார்கள். அவள் செய்த பல்செட்டுகளில் மட்டும் ஒரு குறையும் வரவில்லை. நீலக் கதவை விட்டுவிட்டு, வலது பக்கம் ஐந்து வீடு தள்ளியிருக்கும் மருந்துக்கடை போர்டைப் பார்த்து நடந்தால் சரியாக வீட்டுக்கு வந்துவிடலாமே என்று கணவர் யோசனை சொன்னார்.

“நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு நான் எதுக்கு வேற எதையோ பாத்துக்கிட்டு வரணும்? நான் நேராத்தான் வர்றேன். வீடுதான் அங்க இல்ல.”

தபால்காரர் வீட்டில் முதலில் பத்து நிமிடம் இருந்தாள். பிறகு அரை மணி. பிறகு எட்டு மணிக்கு முன் அவள் வருவதில்லை. முதலில் குடை அங்கே தங்கியது. அடுத்து மூக்குக்கண்ணாடி. வீட்டுக்குள் போடுகிற செருப்பும் அங்கே போய்ச் சேர்ந்த வாரம், கணவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் அவள் வராமலே இருந்துவிடுவாள் என்று பயந்தார். யாரிடமும் சொல்ல முடியாத பயம், ஏனென்றால் சொன்னால் மட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவள் கடைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குடையை எடுத்துப்போகும் சாக்கில் ஐந்தாவது வீட்டுக்குப் போனார். சண்டைக்குத் தயாராகத்தான் போனார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு சின்னத் தலையணை கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

“உங்க வீட்டம்மாவுக்குத்தான்” என்றார் தபால்காரர். “நாள் முழுக்கக் குனிஞ்சே வேலையாச்சே. முதுகு இவ்வளவு வளைஞ்சு போச்சு, சாய்ஞ்சு உக்காரச் சிரமப்படுறாங்க. நீங்க பாத்திருப்பீங்களே.”

அவர் பார்த்திருக்கவில்லை. குடையைக் கேட்க மறந்து வீட்டுக்குத் திரும்பினார்.

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் நோட்டை மேஜைமேல் வைத்தார். “உன்னை நான் அளக்கல” என்றார். “பழைய கணக்கு. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்.”

அவள் நோட்டைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள். “ஊர்ல இருக்கறவனையெல்லாம் நிக்க வெச்சு அளக்கறீங்க. என்னை ஒரு தடவை நிமிந்து பாக்கறதுக்குப் பதிமூணு வருஷமாச்சா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். அழுது முடிந்ததும் அவளே எழுந்து சுவரோரமாக நின்று கையைத் தொங்கவிட்டாள். மண்டியிட்டு அளந்தார். ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தது. சரியாக இருக்கட்டும் என்று மூன்று முறை அளந்தார், மூன்று முறையும் அதேதான்.

இரண்டு டிகிரி நிமிர்த்தியதற்குப் பதிலாக இரண்டு டிகிரி தாழ்த்தியிருக்க வேண்டும். ஆக நான்கு டிகிரி திருப்ப வேண்டும். ஒரேயடியாக வளைத்தால் இரும்பு தாங்காது, உடைந்தால் அவள் எந்தப் பக்கம் போவாள் என்று அவருக்கே தெரியாது. நாளுக்கு அரை டிகிரியாக வளைத்தார். அவள் தினமும் சாயங்காலம் ஐந்தாவது வீட்டுக்கு முன்னாலேயே நிற்கத் தொடங்கினாள். நான்காவது வீட்டில் கதவைத் திறந்த டெய்லர் வணக்கம் சொன்னார், அடுத்த வீட்டில் ஒரு நாய் குரைத்தது. ஏழாம் நாள் நெம்புகோலை அழுத்தியபோது மட்டையின் கழுத்தில் முடி கனத்துக்கு ஒரு கீறல் தெரிந்தது. கையை எடுத்துவிட்டார். அரை டிகிரி பாக்கி.

அரை டிகிரி என்றால் மைதானத்தைக் கடக்கும்போது இரண்டரை மீட்டர். அன்று அவள் வந்து நின்றது அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேராக. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து, “இது நம்ம வீடுதானே?” என்று கேட்டாள். ஆமாம் என்றார். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டு, ஜன்னலைப் பெயர்த்துவிட்டு அங்கே ஒரு கதவு வைத்தார்.

கல்யாண நாள்தோறும் அவர் இப்போது அளவு எடுக்கிறார். நோட்டில் அவளுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. போன வருடம் அரை சென்டிமீட்டர் குறைந்தது, புதுக் கதவை ஒரு சாண் நகர்த்தினார்கள். குடை இன்னும் தபால்காரர் வீட்டில்தான் இருக்கிறது. அவளும் கேட்கவில்லை, அவரும் போய் வாங்கவில்லை. மழை பெய்தால் தன் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய் நிற்கிறார். இருவரும் நீலக் கதவைப் பார்த்தபடியே மைதானத்தைக் கடந்து, அதற்கு இரண்டரை மீட்டரும் ஒரு சாணும் இடது பக்கம் வந்து சேர்கிறார்கள். நீலக் கதவு வழியாக இப்போது யாரும் உள்ளே வருவதில்லை. ஆனாலும் அவள் பார்த்து நடப்பதற்காக வருடா வருடம் அதற்குப் பெயின்ட் அடிக்கிறார்.