வெறும் அம்மி

தொலைபேசிக் கடைக்குள் வியர்வை நாற்றம். பேராதனையிலிருந்து பேராசிரியர் கதைத்தார். பூரணி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீர் அனுப்பின பொடி நல்ல பொடி. கீழயிருந்து வந்த பாறைக்குழம்பு வழியில பழைய பாறை ஒண்டை உருக்கி விழுங்கியிருக்கு. ஸ்ட்ரோன்சியம் ஐசோடோப்புகளின்ர விகிதம் அப்பிடித்தான் காட்டுது. நோர்வேக்காரர் உம்மை மேற்படிப்புக்கு எடுக்கினம்."

நோர்வே என்றால் இந்த ஊரை விட்டுப் போகலாம். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அவள் பொடி அனுப்பவில்லை. மலையில் எடுத்த கல்லைத்தான் வீட்டில் வைத்து, பேராதனைப் பக்கம் போகும் முனாப்பின் லொறியில் அனுப்பச் சொல்லிவிட்டுத் தன் கம்பஸுக்குப் போனவள்.

வீட்டுக் குசினியில் அம்மா கமலேஸ்வரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கல் எப்படிப் பொடியானது என்று பூரணி கேட்டாள்.

"சென்றியில ஆமிக்காரர் கல்லை விடமாட்டமெண்டு முனாப் நானாவை ரெண்டுதரம் திருப்பிப் போட்டாங்கள். பிறகு இடிச்சு, அம்மியில அரைச்சு, அரிசிமா எண்டு குடுத்துவிட்டனான். அம்மியைக் கழுவினனான் பிள்ளை."

பூரணி அம்மியைப் பார்த்தாள். நடுவில் குழிந்திருந்தது. அதுவும் கருங்கல், வேறு மலையின் கல். பொடியில் பழைய பாறையைக் கலந்தது குழம்பு இல்லை, இந்த அம்மி.

சொல்லாமல் விடலாம். மீன்குழம்போடு சோறு தின்றாள். அடுத்த நாள் தொலைபேசிக் கடைக்குப் போய்ச் சொன்னாள்.

பேராசிரியர் சொன்னார்: "வேற துண்டு எடும்."

"ஏலாது சேர். அந்த மலையில இப்ப ஆமிக் காம்ப்."

"அப்ப அம்மியை அளக்கவேணும். அதைக் கழிச்சு மிஞ்சிறதிலயும் பழைய பாறை தெரிஞ்சால் உமக்கு இடம். இல்லாட்டி இல்லை. ஒரு துண்டு உடைச்சு அனுப்பும்."

"கல்லு சென்றி தாண்டாது சேர்."

வீட்டுக்கு வந்து அம்மியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிட்டாள்.

"வெறும் அம்மியை அரையுங்கோ அம்மா. குழவியும் அதே கல்லுத்தானே?"

"ஓம், ஒரே கல்லில கொத்தினது. அயலுக்குக் கேட்டால், இவளவைக்கு அரைக்கவும் ஒண்டுமில்லையெண்டு கதைக்கப்போகுதுகள்."

அம்மா குந்தியிருந்து அரைத்தாள். கல்லில் கல் உரசும் சத்தம் பல்லில் கூசியது. முதலில் வந்த பொடியில் மிளகாய் நிறம் இருந்தது. பூரணி அதைத் தள்ளிவிட்டாள். பிறகு சாம்பல் நிறமாக வந்தது.

"இவ்வளவு காலமும் சம்பலோட இதையுமோ திண்டனாங்கள்?"

"ஓம்."

அம்மா தொடர்ந்து அரைத்தாள். பூரணி பொடியைப் பையில் வழித்துப் போட்டு, வாயைக் கட்டி, மேலே அரிசிமா என்று எழுதினாள்.