பத்தொன்பது கையெழுத்து

"ஏண்டி மார்லிஸ், இந்தப் பத்தொன்பது பேரும் உன் கண்ணு முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாங்களா?" என்று கேட்டாள் ஆர்லீன்.

ஆர்லீனுக்கு வங்கியில் வேலை; சத்தியம் வாங்கிக்கொண்டு சான்று முத்திரை குத்துவதும் அவள்தான். அவள் முத்திரை விழாமல் என் கையெழுத்துத் தாள் செல்லாது. பள்ளியில் என் பக்கத்து இருக்கைக்காரி வேறு. அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை.

விஷயம் இதுதான். இங்கே, அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், ஒரு ஏழைக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்க வயதாகியிருக்க வேண்டும், அல்லது உடம்பு முடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் சின்னப் பிள்ளையாவது இருக்க வேண்டும். என் புருஷன் வெர்லினுக்கு ஐம்பத்தெட்டு. பண்ணைகளுக்கு வேலி கட்டுகிறான். சர்க்கரை வியாதி, வலது காலில் ஆறாத புண். டாக்டரைப் பார்த்து மூன்று குளிர்காலம் ஆகிறது. இவனைப் போன்ற ஏழைகளுக்கும் காப்பீடு கொடுங்கள் என்றால், சட்டசபைக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் கையை விரித்தார்கள். சரி, ஜனங்களையே கேட்போம் என்று, இந்தக் கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றக் கையெழுத்துத் திரட்டினோம்.

நான் நெடுஞ்சாலை உணவகத்தில் சமையல்காரி. தாளை அங்கே விற்பனைக்கு இருக்கும் முட்டைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். எங்கள் ஊரில் முட்டையை எடுப்பவரே டப்பாவில் காசைப் போடுவார். காவலுக்கு ஆள் நின்றால் அது ஊருக்கே அவமானம். கையெழுத்துக்கும் அதே நியாயம்தான் என்று நினைத்த மடச்சி நான். ஒவ்வொருவரும் போடுவதைக் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தால்தான் முத்திரையாம்.

"ஆமான்னு சொல்லித் தொலையேன், யாரு வந்து பாக்கப்போறா?" என்றார் எனக்குப் பின்னால் நின்ற மாட்டுப் பண்ணைக்காரர் ஹார்லன்.

"நான் ஒரு பொய் சொல்ல மாட்டேனா, மொத்தத்தையும் குப்பையில போடலாமேன்னு சட்டசபைக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க. அந்தச் சந்தோஷத்தை நான் குடுக்க மாட்டேன்."

"இலவசத்துக்குக் கை நீட்டுறதுல இம்புட்டு ரோஷமா!"

"வறட்சியப்போ உங்க மாட்டுக்கு அரசாங்கத் தீவனப் பணம் வந்துச்சே, அதுக்கு நீட்டுனது யாரு கை? என் புருஷன் உங்க மாட்டைவிடக் கேவலமா?"

நான் தாளின் குறுக்கே ஒரே கோடாக இழுத்து அடித்துவிட்டு, எல்லாரிடமும் மறுபடி வாங்க ஒரு புதுத் தாளை எடுத்துக்கொண்டேன். அன்றுதான் கடைசி நாள்; வங்கி மூட ஏழு மணி நேரம் இருந்தது.

வண்டியில் உட்கார்ந்துதான் பெயர்களை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். ஏழாவது பெயர் வெர்லின். "நான் என்ன பிச்சைக்காரனா?" என்று நாலு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் கத்திய என் வெர்லின்தான். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவனைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

மாட்டுக் கொட்டகை, தேவாலயத்தின் சமையலறை, டிராக்டர் மேல் என்று ஆட்களைத் தேடிப் பிடித்தேன். ஒருவர் ஊரில் இல்லை. மற்றப் பதினேழு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே போட்டார்கள். நாலரை மணிக்கு வெர்லின் வேலி கட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"நீ அடுப்படியில இருந்தப்பவே போட்டுட்டேனே," என்றான் தரையைப் பார்த்து.

"அது செல்லாதுய்யா. இப்பப் போடு."

"அப்ப நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"மாட்டேன். நான் பாக்கணும்."

கையுறையைக் கழற்றினான். வண்டி முகப்பில் தாளை வைத்து, பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். காது மடல்வரை சிவந்திருந்தான். பேனாவைத் தந்துவிட்டு, நான் கேட்காமலே கீழே உட்கார்ந்து பூட்ஸை உருவினான்.

"இதையும் பாத்துடு."

இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. நான் வண்டிக் கதவைத் திறந்தேன்.

"ஏறு வண்டியில. போற வழியில தாளை ஆர்லீன்கிட்ட குடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரி."

"பில்லு வருமே, மார்லிஸ்."

"வரட்டும். தேர்தலும் வரும்."