மாமனார் ரிப்பேர் செய்த சங்கீதம்

துணி துவைக்கும் மெஷின் ரிப்பேர் செய்கிற ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள் கண்ணுகளா, நல்ல மனிதர்.

அவருக்குக் காதுதான் சொத்து. ஓடுகிற மெஷினின் முதுகில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைத் தன் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். கரகரப்பு என்றால் பேரிங். சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் டிரம். சுற்றோடு சேராமல் தட்டினால், பம்ப்பில் யாருடைய சட்டைப் பொத்தானோ மாட்டியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருக்கும். இதனால் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லாவிட்டால் எப்படி?

ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். தினமும் அவர் கடை திறக்கிற நேரம் பார்த்துப் போன் செய்வாள். “சாப்பிட்டீங்களாப்பா?” “ஆச்சு. நீ?” “இனிமேதான்.” இவ்வளவுதான் பேச்சு. இதற்கு இருபது நிமிடம் ஆகும். எப்படி ஆகும் என்று கேட்காதீர்கள், மகள் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவளுடைய கணவர் இசைக்காரர். உடனே பாட்டும் தாளமும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை. அதன்மேல் தகரத் தட்டு. தட்டுக்கு அடியில் பழைய மின்விசிறி மோட்டார். தட்டின்மேல் இரண்டு கை நிறையத் திருகாணி. மோட்டார் ஓட ஓடத் தட்டு அதிரும். திருகாணிகள் எறும்புபோல ஊர்ந்து ஒரு பக்கமாகச் சேரும். பாரம் சாய்ந்ததும் மேசை ‘டக்’ என்று கால் மாற்றி நிற்கும். பக்கத்தில் மூன்று வயலின்காரர்கள் ஒரே சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம்.

மாமனாரும் மாமியாரும் அந்தக் கச்சேரிக்கு முதல் தடவையாகப் போனார்கள். மெக்கானிக் கை சும்மா இருக்குமா? ஆரம்பிப்பதற்கு முன்னால் மேடைப் பக்கம் போய் மேசையைத் தொட்டுப் பார்த்தார். ஆடியது. ஒரு கால் அரை விரல் அளவு குட்டை. இவ்வளவு பேர் வருகிற இடத்தில் மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு மேசையா என்று அவருக்குத் தாங்கவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற ரப்பர் துண்டை எடுத்து அடியில் சொருகினார். ஆட்டி ஆட்டிப் பார்த்தார். மேசை மலைபோல நின்றது. திருப்தியோடு வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

கச்சேரி தொடங்கியது. ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அவ்வளவுதான். இருபத்திரண்டு நிமிடமும் அதேதான். மாப்பிள்ளை மட்டும், செருப்பைத் தொலைத்தவர் தரையைப் பார்க்கிற மாதிரி மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் வந்திருந்த முப்பது பேரும் கை தட்டினார்கள்.

வெளியே வந்து மெக்கானிக் மகளிடம் பெருமையாகச் சொன்னார்: “டேபிள் ஆடிச்சும்மா. நான்தான் சரி பண்ணேன்.”

மகளின் முகம் போன போக்கைப் பார்த்து மனைவி அவர் முதுகில் கிள்ளினாள். தாமதமான கிள்ளு.

“எட்டு மாசம்ப்பா,” என்றாள் மகள். “அந்த ஆட்டம் சரியா வர்றதுக்கு, எட்டு மாசம் இவரு அந்த மேசைக் காலை அறுத்து அறுத்துப் பார்த்தாரு. நீங்க போய் ரிப்பேர் பண்ணிட்டீங்க.”

“பரவால்ல விடு, மாமா வேணும்னா பண்ணாரு?” என்று மாப்பிள்ளை இடையில் வந்தார்.

“நீங்க சும்மா இருங்க. அப்பா, பழைய பதிவு ஒண்ணு அனுப்புறேன். கேளுங்க. அதுலேர்ந்து நீங்க எதை எடுத்தீங்கன்னு என்னிக்குப் புரியுதோ, அன்னிக்கு எனக்குப் போன் பண்ணுங்க. அதுவரைக்கும் நானும் பண்ண மாட்டேன்.”

மறுநாளே அவர் போன் செய்தார். “ஆட்டத்தை எடுத்தேன்.”

“அது மேசைலேர்ந்து எடுத்தது. பாட்டுலேர்ந்து எதை எடுத்தீங்க?” வைத்துவிட்டாள். பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்தவள்.

வேறு வழியில்லாமல் கடையில் பதிவைப் போட்டார். முதல் நாள் நான்கு நிமிடத்துக்குமேல் தாங்கவில்லை. பழக்க தோஷத்தில் வேலைச் சீட்டை எடுத்து எழுதினார்: ‘கோளாறு: சத்தம். காரணம்: மேசை. தீர்வு: ஏற்கெனவே செய்தாகிவிட்டது. பலன்: மகள் பேசவில்லை.’

கடைக்குப் பின்னாலேயே வீடு. சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்: “என்னங்க, அந்த மெஷினை முதல்ல நிறுத்துங்க! தலை வலிக்குது.”

“மெஷின் இல்லடி, மாப்பிள்ளை!”

மெஷினை வாங்கிப்போக வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “என்னோடதா அது? சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே?” இது பாட்டு என்று இவர் விளக்கினார். அவர் தன் மெஷினை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப்போனார்.

மெக்கானிக் விடவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார், எண்ண ஆரம்பித்தார். ஒரு டக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு. அப்புறம் பதினொன்று. அப்புறம் நாலு. எந்த இயந்திரமும் இப்படித் தட்டாது. தினம் மூன்று வேளை மருந்துபோலக் கேட்டார். சீட்டு சீட்டாக எண்களை எழுதினார். கணக்கு பிடிபடவில்லை. காலையில் கடையைத் திறந்து, போனை மேசைமேல் தெரிகிற மாதிரி வைப்பார். அது சும்மா கிடக்கும். உடனே பதிவைப் போட்டுவிடுவார், அந்த இருபது நிமிடத்தை வேறெப்படிக் கடத்துவது?

பத்து நாள் போயிருக்கும். மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “இன்னிக்கு அந்த மூணாவது டக்கு லேட்டா வந்துச்சே, ஏன்?”

“பதிவு எப்படிடி லேட்டா வரும்?”

“அப்போ நான்தான் சீக்கிரமா பாத்திரத்தைக் கழுவிட்டேன்போல.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சில நாள் கழித்து, ஒரு பம்ப்பின் மூடியை மாட்டிக்கொண்டிருந்தார். எண்ண மறந்துபோயிருந்தது. வயலின்கள் இழுத்துக்கொண்டே போயின. கடைசித் திருகாணியை முடுக்கப்போன கை தானாக நின்றது. எதற்கு நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது வருமா? வரவில்லை. இன்னும் கொஞ்சம். வயலின்களும் அவரைப் போலவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ‘டக்’. அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்த அப்பாடாவில் வயலின்களும் லேசாகத் தளர்ந்தன. இத்தனை நாள் கேட்டும் அது அவர் காதில் விழவேயில்லை, பாருங்கள்.

பதிவு முடிந்ததும் மறுபடி போட்டார். இந்தத் தடவை வேலை எதுவும் செய்யவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். மனைவி தானும் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டாள்.

பத்தொன்பதாவது நாள் மகளுக்குப் போன் செய்தார்.

“சொல்லுங்க,” என்றாள். குரல் விறைப்பாக இருந்தது. ஆனால் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“அந்த மூணு வயலின்காரங்களும் அடுத்த டக்குக்குக் காத்துக்கிட்டே இழுக்கிறாங்கம்மா. நான் அதை வராம பண்ணிட்டேன். இருபத்திரண்டு நிமிஷம் அத்தனை பேரையும் சும்மா காக்க வெச்சுட்டேன். மாப்பிள்ளையையும்.” நிறுத்தினார். “காத்துக்கிட்டு இருக்கிறது எப்படின்னு எனக்கு இப்போ தெரியும்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “அப்பா...”

“அழாத. மாப்பிள்ளைகிட்ட குடு.”

கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதானே நினைப்பீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

“மாப்பிள்ளை, பதினாலாவது நிமிஷத்துல மோட்டாரை ஏன் குறைக்கிறீங்க? அடுத்த டக்கு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுது.”

“மாமா, அது வேணும்னு பண்ணது. அங்க ஓய்வு.”

“யாருக்கு ஓய்வு? எனக்கு நெஞ்சு படபடங்குது. அவசரப்பட்டுட்டீங்க.”

“அவசரமா? மாமா, நீங்க எத்தனை தடவை கேட்டீங்க?”

“நாப்பது இருக்கும். நீங்க?”

இருவரும் பேசினார்கள், பேசினார்கள், நிறுத்துகிற வழியாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மனைவியின் போன் அடித்தது. மகள், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து.

“அம்மா, அப்பாவைப் போனை வைக்கச் சொல்லு. நான் அவரோட பேசணும்.”

“வரிசையில நில்லுடி,” என்றாள் அம்மா. “எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து நானே நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.”