தூளியும் பச்சைக் கோடும்

மட்டாஞ்சேரியில் காயலைப் பார்த்த ஒரு மாடி வீட்டுக்குள் மட்டும், பூமியின் இழுப்பு நேர்கீழாக இல்லாமல் ஜன்னல் பக்கம் ஒரு டிகிரி சாய்ந்திருந்தது. முதலில் கண்டுகொண்டது சுபாஷிணியின் கேமரா. தங்கும் விடுதிகளின் அறைகளைப் படமெடுப்பது அவள் தொழில். திரையில் தெரியும் மட்டக்கோடு பச்சையானால்தான் பொத்தானை அழுத்துவாள். கீழ்வீட்டிலும் படகுத்துறையிலும் உடனே பச்சையாகும் கோடு, தன் வீட்டு மேசையில் வைத்தால் மட்டும் மஞ்சளாகவே நின்றது. ஏனென்று அவளுக்குப் புரியவில்லை.

கணவன் வெங்கிடேஷ் காக்கநாட்டில் மென்பொருள் சோதிப்பவன். கேமராவை வீட்டுத் தரையில் வைத்து, இதுதான் மட்டம் என்று மெனுவில் பதியவைத்தான். கோடு பச்சையானது. "ஆச்சு, சரியாயிடுத்து. இனி பயப்படாதே" என்றான். சில நாளில் சாய்வு கூடி மறுபடி மஞ்சளானது, மறுபடி பதியவைத்தான். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. கீழ்வீட்டில் விடுதி நடத்தும் ஷபானா, சுபாஷிணி எடுத்துத் தந்த படங்களில் எல்லாமே சாய்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாள்: "எந்தா சுபா, என்ட கட்டிலெல்லாம் கள்ளு குடிச்ச போல நிக்குது?"

சுபாஷிணியால் சிரிக்க முடியவில்லை. அன்று மதியம் கீழ்வீட்டிலிருந்து ஏறி உள்ளே நுழைந்தபோது, காயல் காற்றுக்காக ஜன்னலோரம் உத்தரத்தில் கட்டியிருந்த தூளி நேராகத் தொங்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் அது கம்பியில்லாத ஜன்னலைத் தாண்டி வெளியே போய் வந்தது. உள்ளே ஏழு மாதக் குழந்தை சங்கரி தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே கருங்கல் முற்றம். மேசையில் கேமராவின் கோடு பச்சையாகவே இருந்தது.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு உள்சுவர்ப் பக்கம் நகர்ந்தாள். ஜன்னலைச் சாத்தினால் கதவுகள் தாமாக வெளிப்பக்கம் சாய்ந்து திறந்தன. பாயில் போட்டால் குழந்தை விடிவதற்குள் ஜன்னல் சுவரோரம் நகர்ந்திருந்தது. வீட்டை விற்கப் பார்த்தார்கள். பார்க்க வந்தவர்கள் தலைசுற்றுகிறது என்று இறங்கிப் போனார்கள். நாளை எவ்வளவு சாயும் என்பது தெரியாததுதான் இருவரையும் தூங்கவிடாமல் செய்தது.

கேமராவுக்குள் கடுகு போல ஒரு சில்லு இருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய எடை, பூமி இழுக்கும் பக்கம் மயிரிழை நகரும். அதற்குத் தரையும் தெரியாது, சுவரும் தெரியாது. இழுப்பு மட்டுமே தெரியும். அரை டிகிரி பிசகலாம், சூடேறினால் இன்னும் கொஞ்சம். அது கேமராவின் பிசகா, இடத்தின் சாய்வா என்று பிரிக்க எளிய வழி உண்டு: ஒருமுறை வைத்துப் பார்த்து, அதே இடத்தில் எதிர்முகமாகத் திருப்பி இன்னொருமுறை பார்க்க வேண்டும். கேமராவின் பிசகு அதே பக்கம் நிற்கும். இடத்தின் சாய்வு பக்கம் மாறும்.

சுபாஷிணி பழைய பதிவையெல்லாம் அழித்துவிட்டு அப்படி வைத்துப் பார்த்தாள். வலப்பக்கம் ஆறு டிகிரி. திருப்பினாள், இடப்பக்கம் ஆறு.

"இது பொய் சொல்லலே. நீங்கதான் இதுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்திருக்கேள்" என்றாள். வெங்கிடேஷ் நாற்காலியை இழுத்துப்போட்டு, ஏறித் தூளியை அவிழ்த்து அறை நடுவுக்கு மாற்றிக் கட்டினான்.

கயிறு ஓர் ஆள் நீளம். அந்த நீளத்துக்கு ஒரு டிகிரி சாய்ந்தால் தூளி இரண்டு விரல் நகரும். ஆகவே தினமும் காலையில் சுபாஷிணி கேமராவை இருமுகமாக வைத்துப் பார்க்கிறாள். கூடிய டிகிரிக்கு இரண்டு விரல் வீதம் வெங்கிடேஷ் கயிற்றை உத்தரத்தில் உள்சுவர்ப் பக்கம் தள்ளிக் கட்டுகிறான். சங்கரி அறை நடுவில் சாய்வாகத் தொங்கியபடி நன்றாகத் தூங்குகிறாள்.