கோர்டி வைத்த உருளைக்கிழங்கு

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் வறுவல். எங்கள் ஊர் மதுக்கடையில் நான் மீனின் மேல்மாவை உரித்து ஒதுக்கியதைப் பார்த்து மொத்த மேஜையும் சிரித்தது.

“என்ன லோர்னா, மீனுக்குச் சட்டை கழட்டுறியா?”

சிரித்துத் தொலையட்டும். சிறுநீரகம் இரண்டும் பழுதான என் தம்பி கோர்டிக்கு என்னுடையது பொருந்துகிறது. ஆனால் நான் இளைத்தால்தான் ஒன்றை எடுத்து அவனுக்கு வைப்பார்களாம்.

ரொட்டி, கிழங்கு, சர்க்கரை, பீர் எல்லாவற்றையும் விட்டேன். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்: “மாவுச்சத்தை உடம்பு தண்ணியோட சேத்துத்தான் பத்திரப்படுத்தும். நிறுத்தினா முதல்ல அந்தத் தண்ணி போகும். அப்புறம் பசி அடங்கும், தானா கம்மியா சாப்பிடுவீங்க, கொழுப்பு கரையும். ஆனா ஒரு வேளை மூக்கு முட்டத் தின்னீங்கன்னா மறுநாளே தண்ணி திரும்பிடும்.”

அப்படியே நடந்தது. முட்டை, இறைச்சி, கீரை என்று தின்றதில் அடுத்த வேளை வரை பசிக்கவே இல்லை. இலையுதிர் காலத்துக்குள் என் கால்சட்டைகள் இடுப்பில் நிற்க மறுத்தன.

மருத்துவமனையில் என் எடை பார்க்கும் நாளுக்கு முதல் நாள் கோர்டியின் பிறந்தநாள். பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு. டயாலிசிஸ்காரன் தொடக்கூடாத பண்டம். அவனே சமைத்திருந்தான்.

“எனக்குத்தான் குடுத்து வெக்கல. எனக்காக நீயாவது சாப்பிடுக்கா.”

அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? போதும் போதும் என்றாலும் கேட்காமல் வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு ரொட்டி, பிறகு கேக்.

காலையில் என் எடை அவர்கள் வைத்த எல்லையைத் தாண்டிவிட்டது. “வெறும் தண்ணிதான், ரெண்டு மூணு நாள்ல வடிஞ்சிரும்” என்று நர்ஸே சொன்னாள். சொல்லி என்ன பயன்? எடை பார்க்க அடுத்த தேதி புத்தாண்டுக்குப் பிறகுதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆலோசகர் சொன்னபோது அவனும்தானே பக்கத்தில் இருந்தான்! நேரே டயாலிசிஸ் அறைக்குப் போனேன். கையில் ஊசிகளோடு படுத்திருந்தான். இல்லாவிட்டால் அறைந்திருப்பேன்.

“தெரிஞ்சேதானடா வெச்சே?”

அவன் கூரையைப் பார்த்தான். “ஆமா. நல்லா இருக்கிற உன்னை எதுக்கு அறுக்கணும்? உனக்கு ஏதாவது ஆயிட்டா?”

“அதைத் தீர்மானிக்க நீ யாருடா? வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இளைச்சது நானு! பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். ஊட்டியா கெடுப்பே?”

“கோவப்படாதக்கா...”

“படுவேன்! நீ போயிட்டா அப்புறம் நான் யார்கிட்டடா கோவப்படுவேன்?”

மெதுவாகப் பேசும்படி நர்ஸ் வந்து சொன்னாள். நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.